வீட்டு மீடியா சர்வருக்கு எந்தப் பெட்டி? செலவும் சத்தமும் குறைய ஓர் ஒப்பீடு

சேர்த்து வைத்த படங்கள், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டு, வீட்டில் எந்த டிவியிலும் எந்த போனிலும் எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டால் அது நடக்கும் என்பது வரை எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி போதும் என்கிறார் ஒருவர், இன்டெல்லின் என்100 சிப் போட்ட மினி பிசி வாங்கு என்கிறார் இன்னொருவர், நாஸ் (டிஸ்க் போட்டு நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) இல்லாமல் எப்படி என்கிறார் மூன்றாமவர், சும்மா கிடக்கும் லேப்டாப்பை விட்டுவிட்டு எதற்குச் செலவு என்கிறார் நான்காமவர். நான்கு பேர் சொல்வதும் ஏதோ ஒரு வீட்டுக்குச் சரிதான். உங்கள் வீட்டுக்கு எது என்பதுதான் கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் வேகத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள், அப்படியும் சத்தம் குறைவதில்லை. முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு கேள்விகள்தான். உங்கள் டிவி எந்த ஃபைலை அப்படியே ஓட்டும்? டிஸ்க் எந்த அறையில் உட்காரப் போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பெட்டி பாதி முடிவான மாதிரி.

## எதை வைத்து எடைபோடுவது

### டிரான்ஸ்கோடிங் தேவைப்படுமா

சர்வர் ஒரு படத்தை இரண்டு விதமாக அனுப்பும். டிவிக்கு அந்த ஃபைல் புரியும் என்றால் டிஸ்கிலிருந்து எடுத்து அப்படியே தள்ளிவிடும். அப்போது ப்ராசஸருக்கு வேலையே இல்லை, பத்து வருடப் பழைய கணினிகூட இதைச் செய்யும். புரியாது என்றால் ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அதுதான் டிரான்ஸ்கோடிங். 4கே ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை, அதாவது கோடெக், ஒன்றின் பெயர்) படம் ஒன்றை ப்ராசஸர் கோர்களை மட்டும் வைத்து மாற்றப் போனால் நல்ல டெஸ்க்டாப்பே திணறும், ஃபேன் கத்த ஆரம்பிக்கும். அதே வேலையைச் சிப்புக்குள் இருக்கும் வீடியோ பகுதியிடம் கொடுத்துவிட்டால் ஒன்றும் தெரியாமல் முடிந்துவிடும்.

இன்டெல்லில் அந்தப் பகுதிக்குப் பெயர் குவிக் சிங்க். 2011-இல் வந்தது, ஆனால் எல்லா ப்ராசஸர் தலைமுறையும் ஒன்றல்ல. 8-பிட் (நிற நுணுக்கத்தின் அளவு) ஹெச்.265 ஆறாவது தலைமுறையில் வந்தது, 10-பிட் ஏழாவதில்தான் முழுமையாக வந்தது. எச்டிஆர் (ஒளியும் நிறமும் கூடுதலாகத் தெரியும்) படங்கள் அநேகமாக எல்லாம் 10-பிட் என்பதால் ஏழுக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏவி1 கோடெக்கைப் படிக்க வேண்டுமென்றால் பதினொன்றாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். இன்னொன்று, மாடல் எண் கடைசியில் எஃப் என்ற எழுத்து வரும் இன்டெல் ப்ராசஸர்களில் கிராஃபிக்ஸ் பகுதியே வேலை செய்யாது, குவிக் சிங்க்கும் இல்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

ஏஎம்டி மோசமா என்றால், கணினியாக மோசமில்லை. ஆனால் இந்த ஒரு வேலைக்கு இன்டெல்தான் தொல்லை குறைவு. ஜெல்லிஃபின்காரர்களே தங்கள் வழிகாட்டியில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உங்களுக்கு டிரான்ஸ்கோடிங் தேவைப்படுமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். இப்போது கையில் இருக்கும் ஏதாவது ஒரு கணினியில் ஜெல்லிஃபினைப் போட்டு, நாலைந்து படங்களை மட்டும் அதில் சேர்த்து, டிவியில் ஒன்றை ஓடவிட்டுக்கொண்டு போனில் அதன் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். யார் எதைப் பார்க்கிறார்கள், நேரடியாக ஓடுகிறதா, மாறி ஓடுகிறதா, மாறினால் என்ன காரணம் என்று அதிலேயே இருக்கும். நேரடியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ளூரே படத்துக்கு இப்போது சப்டைட்டிலைப் போடுங்கள். ப்ளூரேயில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். அதைக் காட்டத் தெரியாத டிவி என்றால் சர்வர் அதை வீடியோ மேல் ஒட்டி அனுப்பியாக வேண்டும், அதற்கு வீடியோ முழுவதையும் மாற்ற வேண்டும். பத்து விநாடிக்குள் டாஷ்போர்டில் டிரான்ஸ்கோடிங் என்று வந்து, ப்ராசஸர் உபயோகம் மேலே ஏறி, பக்கத்தில் இருக்கும் கணினியின் ஃபேன் குரல் மாறுவது காதுக்கே கேட்கும். எஸ்ஆர்டி மாதிரி எழுத்துவடிவ சப்டைட்டிலைப் போட்டால் பெரும்பாலும் அமைதியாகவே ஓடும். கோடெக் ஒத்துப்போனாலும் சப்டைட்டில் இப்படிக் கவிழ்த்துவிடும் என்பது பலருக்கு வாங்கின பிறகுதான் தெரியவருகிறது.

படத்தின் ஒலி வேறு கதை. உதாரணத்துக்கு, சாம்சங் டிவிகள் 2018 முதல் டிடிஎஸ் ஒலியை ஏற்பதில்லை. அப்போது சர்வர் ஒலியை மட்டும் மாற்றி அனுப்பும். அதற்கு ராஸ்பெரி பைகூடப் போதும், கவலைப்பட வேண்டாம்.

வெளியூரிலிருந்து மொபைல் டேட்டாவில் பார்ப்பீர்கள் என்றால் டிரான்ஸ்கோடிங் நிச்சயம். 60 எம்பிபிஎஸ் 4கே ஃபைலை அப்படியே இணையத்தில் தள்ள முடியாது.

### சத்தம்

பெட்டியின் சத்தம் மூன்று இடத்திலிருந்து வரும்: ஃபேன், டிஸ்க் சுழல்வது, டிஸ்க் தலை நகரும் கரகரப்பு. வாங்குபவர்கள் ஃபேனை மட்டும் கவனிக்கிறார்கள். நல்ல மினி பிசியில் சும்மா இருக்கும்போது ஃபேன் காதருகே வைத்தால்தான் கேட்கும், ஆனால் பக்கத்தில் ஒரு 3.5 அங்குல டிஸ்க் ஓடினால் ராத்திரி அறை முழுக்க அதுதான். ஒரு சிறு கணக்கு: 5400 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 90 சுற்று, 7200 என்றால் 120. அந்த 90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் அதிர்வு டிஸ்கிலிருந்து வருவதைவிட அது உட்கார்ந்திருக்கும் மர அலமாரியிலிருந்துதான் அதிகம் வரும். டிஸ்க் பெட்டியைக் கையில் ஒரு அங்குலம் தூக்கிப் பாருங்கள், ஹம்மென்ற ஓசை அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்றால் அடியில் ஒரு கனமான ஸ்பாஞ்சு போதும், புதுப் பெட்டி வேண்டாம்.

ஃபேனில் அளவுதான் முக்கியம். 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, 120 மில்லிமீட்டர் ஃபேன் தள்ளும் அளவு காற்றைத் தள்ள வேண்டுமென்றால் பல மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும், அந்தக் கீச்சுக்குரல்தான் காதைப் பிடுங்கும். ஸ்பெக்கில் டெசிபல் பார்க்கிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம்.

### மின்சாரம்

இது ஒரு நாளைக்கு 24 மணி நேரமும் ஓடும் பெட்டி. ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் வருடத்துக்கு 438 யூனிட், 12 வாட் மினி பிசி 105. அந்த 333 யூனிட் வித்தியாசம் நாலைந்து வருடத்தில் எவ்வளவாகிறது என்று பார்த்துவிட்டு இலவசம் என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். இங்கே பார்க்க வேண்டியது சும்மா இருக்கும்போது இழுக்கும் வாட். அட்டையில் போட்டிருக்கும் 35 வாட், 65 வாட் டிடிபி (சுமையில் சிப் வெளியிடும் வெப்பத்தின் அளவு) அல்ல. மீடியா சர்வர் நாளில் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது.

### டிஸ்க்குக்கு இடம், உங்கள் நேரம், நெட்வொர்க்

எத்தனை டிஸ்க், உள்ளே மாட்டலாமா, யுஎஸ்பியில் தொங்கவிட வேண்டுமா. பிறகு, லினக்ஸ் போட்டுக் கமாண்ட் அடிக்கப் பொறுமை இருக்கிறதா. இரண்டும் செலவுதான்.

நெட்வொர்க்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பல டிவிகளின் லேன் போர்ட் இன்றைக்கும் 100 எம்பிபிஎஸ்தான். 4கே ப்ளூரேயின் உச்ச வேகம் அதைத் தாண்டலாம், படம் நின்று நின்று ஓடும், பழி சர்வர் மேல் விழும். அந்த டிவிக்கு வைஃபை சில சமயம் கேபிளைவிட மேல்.

## ஒரே பார்வையில்

வாட் கணக்கு சும்மா இருக்கும்போது, தோராயமாக. ஒரு லிட்டர் என்பது பெட்டியின் கன அளவு.

| | மின்சாரம் | சத்தம் | 4கே டிரான்ஸ்கோடிங் | டிஸ்க் இடம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| பழைய லேப்டாப் | 8–15 வாட் | சும்மா இருக்கையில் சரி, சுமையில் கீச்சு | ப்ராசஸரின் தலைமுறையைப் பொறுத்தது | ஒன்று, மீதி யுஎஸ்பி | பேட்டரி |
| பழைய டெஸ்க்டாப் | 40–70 வாட் | ஃபேன் மாற்றினால் குறையும் | பழையது என்றால் இல்லை | நிறைய | மின்கட்டணம் |
| ராஸ்பெரி பை 5 | 3–4 வாட் | மிகக் குறைவு | இல்லை | யுஎஸ்பி | அடாப்டர், கேஸ், கூலர் |
| ஒரு லிட்டர் ஆபீஸ் பிசி | 8–15 வாட் | குறைவு | ஏழாம் தலைமுறை முதல் உண்டு | ஒரு 2.5 அங்குல டிஸ்க், ஒரு எம்.2 எஸ்எஸ்டி | அடாப்டர், தூசு |
| என்100 மினி பிசி | 6–10 வாட் | குறைவு. ஃபேன் இல்லாததும் உண்டு | உண்டு, ஏவி1 படிக்கும் | மாடலைப் பொறுத்தது | தரம் ஏறி இறங்கும் |
| இரண்டு டிஸ்க் நாஸ் | டிஸ்கோடு 15–20 வாட் | டிஸ்க் சத்தம் | மாடலைப் பொறுத்தது | உள்ளேயே இரண்டு | டிஸ்க் தனி விலை |

## பழைய லேப்டாப்

முயற்சி செய்து பார்க்க இதைவிட நல்லது இல்லை. திரையும் கீபோர்டும் கூடவே இருக்கின்றன, கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், மின்சாரமும் குறைவு. ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் என்றால் டிரான்ஸ்கோடிங்கும் செய்யும். மூடியை மூடினால் தூங்கிவிடக் கூடாது என்று ஓர் அமைப்பை மட்டும் மாற்ற வேண்டும்.

ஆனால் வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடக்கும் பேட்டரி உப்பும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. டச்பேட் பக்கம் தூக்கிக்கொண்டு வந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் பயாஸிலோ (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) கம்பெனி மென்பொருளிலோ இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள். சத்தமும் ஒரு குறைதான்: மெல்லிய உடலுக்குள் குட்டி ஃபேன் என்பதால் சுமை ஏறினால் கீச்சென்று கேட்கும்.

ஓரிருவர் பார்க்கும் வீடு, படங்கள் ஒரே டிஸ்கில் அடங்கும், இப்போதைக்குக் காசு செலவழிக்க மனமில்லை என்றால் இதுவே போதும்.

## பழைய டெஸ்க்டாப்

டிஸ்க் நாலு மாட்டலாம், பெரிய ஃபேன் போட்டு அமைதியாக்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் மேலே போட்ட மின்சாரக் கணக்கை ஒரு முறை பாருங்கள். உள்ளே தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதைக் கழற்றினாலே கணிசமாகக் குறையும். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட இன்டெல், நாலு டிஸ்க் தேவை, பெட்டி வேறு அறையில் இருக்கும் என்றால் மட்டும் இதை எடுப்பேன். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

## ராஸ்பெரி பை 5

எனக்குப் பிடித்த பொருள்தான், ஆனாலும் இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில் வந்த பை 5-இல் வீடியோவை மாற்றி எழுதும் என்கோடர் வன்பொருளே கிடையாது. ஹெச்.265-ஐப் படிக்கும், அவ்வளவுதான். பை 4-இல் இருந்த ஹெச்.264 என்கோடரும் இதில் போய்விட்டது. ஜெல்லிஃபினும் பை வன்பொருளுக்கான ஆதரவைக் கைவிடும் பாதையில் இருக்கிறது.

விலையும் போர்டை மட்டும் பார்த்தால்தான் குறைவு. 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், கூலர், கேஸ், நல்ல மெமரி கார்டு அல்லது எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்துப் பாருங்கள், என்100 பெட்டி அல்லது பழைய ஆபீஸ் பிசி பக்கத்தில் வந்து நிற்கும். சாதாரண 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் நாலு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும், 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போதே ஒரு ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். டிஸ்க் திடீர் திடீரென்று காணாமல் போகிறது என்று புலம்புபவர்களில் பாதிப்பேருக்கு நோய் அடாப்டரில்தான் இருக்கும்.

எல்லா டிவியும் எல்லா ஃபைலையும் நேரடியாக ஓட்டுகிறது என்று சோதித்து உறுதி செய்துவிட்டீர்கள், வெளியிலிருந்து பார்க்கப் போவதில்லை, பையும் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். மின்சாரத்தில் அதை எதுவும் வெல்லாது, சத்தமும் மிகக் குறைவு. பாட்டுக்கு மட்டும் ஒரு சர்வர் என்றாலும் அதுவே நல்லது.

## பழைய ஒரு லிட்டர் ஆபீஸ் பிசி

பெரும்பாலானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி என்று மூன்று குடும்பம். ஒரு தடிமனான புத்தகம் அளவுதான் இருக்கும். அலுவலகங்கள் சில வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கழித்துவிடுவதால் பழைய சந்தையில் குவிந்து கிடக்கின்றன.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே ஏற்காது. ஆகவே ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை அலுவலகங்கள் வைத்திருக்க முடியாமல் தள்ளிவிடுகின்றன. நாம் லினக்ஸ்தான் போடப் போகிறோம், நமக்கு வேண்டியது 10-பிட் ஹெச்.265, அது ஏழிலேயே இருக்கிறது. சந்தை எந்தக் கோட்டைப் பார்த்து விலையைக் குறைக்கிறதோ அந்தக் கோடு நம் வேலைக்குச் சம்பந்தமே இல்லாதது. ஏழாம் தலைமுறை ஐ5-7500டி போதும், கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ஆறு கோர் உள்ள எட்டாம் தலைமுறை ஐ5-8500டி. கடைசியில் வரும் டி என்பது 35 வாட் வகை, அதைத் தேடி எடுங்கள். 65 வாட் ப்ராசஸர் போட்ட மாடலில் சுமை ஏறும்போது ஃபேன் சத்தம் கூடுதல்.

கட்டுமானமும் நன்றாக இருக்கும். வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடுவதற்கென்றே செய்தவை. பின்னால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் மேல்மூடி நழுவி வந்துவிடும் என்பதுபோலத்தான் பல மாடல்கள் இருக்கும், ரேம் மாற்றுவதும் டிஸ்க் மாட்டுவதும் கால் மணி நேர வேலை.

குறைகள்: பழையது, உத்தரவாதம் பெரும்பாலும் கிடையாது அல்லது சில மாதம்தான். உள்ளே தூசு அடைத்திருக்கும். ஊதிச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றினால் ஃபேன் சத்தம் நன்றாகக் குறையலாம், ஆனால் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். அடாப்டர் இல்லாமல் விற்பவர்கள் உண்டு. சில கம்பெனிப் பெட்டிகள் தங்கள் அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் ப்ராசஸரின் வேகத்தையே குறைத்துவிடும், அதனால் ஒரிஜினலோடு இருப்பதைத்தான் வாங்க வேண்டும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு உள்ளே இடமில்லை.

## என்100 மினி பிசி

2023 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட சிப். நாலு கோர், டிடிபி 6 வாட், வீடியோ பகுதியோ பெரிய ப்ராசஸர்களில் இருக்கும் அதே தலைமுறை. ஏவி1 படிக்கும், 10-பிட் ஹெச்.265 படிக்கும், எழுதும். 4கே எச்டிஆர் படத்தைச் சாதாரண டிவிக்கு நிறம் மாற்றி 1080பி-யில் ஒன்றிரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்ப இது தாராளம். பின்னால் வந்த என்150 கொஞ்சம் வேகம், மற்றபடி அதே வகைதான். விலை ஒன்றாக இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

சத்தத்தில் இதற்கு ஒரு தனி இடம் இருக்கிறது, ஏனென்றால் ஃபேனே இல்லாத வடிவங்கள் கிடைக்கின்றன. ஏசுஸ் பிஎன்42 அப்படி ஒன்று. ஏஎஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் என்ற மதர்போர்டும் ஃபேன் இல்லாதது, லேப்டாப் மாதிரி 19 வோல்ட் அடாப்டரில் ஓடும், டிஸ்க் மாட்ட இரண்டு சாட்டா போர்ட் உண்டு. கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்கள் அதைப் பெரிய கேஸில் வைத்து டிஸ்க்குகளை உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். ஃபேன் இல்லாத பெட்டியின் உடம்பே ஹீட்சிங்க், தொட்டால் சுடும். அதை டிவிக்குப் பின்னால் மூடிய அலமாரிக்குள் வைத்துவிட்டு மெதுவாகிறதே என்று கேட்கக் கூடாது.

குறை என்னவென்றால், பெயர் தெரியாத கம்பெனிகள் ஏராளம். ஒரே சிப்பைப் போட்டு ஒன்று அமைதியாக ஓடும், இன்னொன்று குட்டி ஃபேனை எப்போதும் முழு வேகத்தில் சுற்றவிடும். பயாஸில் ஃபேன் அமைப்பு இருக்காது, புதுப் பயாஸும் வராது. கூட வரும் எஸ்எஸ்டி பெரும்பாலும் மலிவானது, அதில் படங்களை வைக்காதீர்கள். கூட வரும் விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்ளாமல் அழித்துவிட்டு நீங்களே புதிதாகப் போடுவது நல்லது. லினக்ஸ் போட்டால் சமீபத்திய பதிப்பாகப் போடுங்கள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பழையது என்றால் இதன் வீடியோ பகுதி சரியாக எழுந்திருக்காது.

ஏவி1 ஃபைல்கள் நிறைய, புதுப்பொருளும் உத்தரவாதமும் வேண்டும், படுக்கையறையிலேயே வைக்க வேண்டும் என்றால் ஆபீஸ் பிசியைவிட இது மேல். மற்றபடி விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

## நாஸ்

சினாலஜி, க்யூநாப் போன்றவை. பெட்டியைத் திறந்து டிஸ்கைச் செருகி பிரவுசரில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் வேலை முடிந்தது. ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று தாங்கும், போன் படங்கள் தானாகச் சேமிக்கும், அப்டேட் தானாக வரும். நேரத்தைக் காசாக எண்ணுபவர்களுக்கு இது நியாயமான விலைதான்.

ஆனால் மீடியா சர்வர் என்ற ஒரே கண்ணால் பார்த்தால் கொடுக்கும் காசுக்கு ப்ராசஸர் பழையது. 2023-இல் வந்த சினாலஜி டிஎஸ்224 பிளஸில் இருப்பது 2019-ஆம் வருடத்து செலரான் ஜே4125. அதாவது டிரான்ஸ்கோடிங் தெரிந்த சிப். அதைவிட விலை கூடிய டிஎஸ்923 பிளஸில் ஏஎம்டி ஆர்1600, அதில் கிராஃபிக்ஸ் பகுதியே இல்லை. விலை கூடினால் வீடியோவும் நன்றாக ஓடும் என்று நினைத்தால் இங்கே ஏமாற்றம்தான். 2024-இல் சினாலஜி தன் இயங்குதளத்தின் 7.2.2 பதிப்பிலிருந்து வீடியோ ஸ்டேஷன் என்ற தன் வீடியோ ஆப்பையும் சர்வர் பக்க ஹெச்.265 கையாளலையும் எடுத்துவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள். கம்பெனியின் மென்பொருளை நம்பி வாங்கினால் அது எடுத்துக்கொண்டதை நாம் திருப்பிப் போட முடியாது.

சத்தம் முழுக்க டிஸ்க்கைப் பொறுத்தது. இரண்டு 3.5 அங்குல டிஸ்க் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தால் ஹால் அமைதியாக இருக்காது. படம் தவிர குடும்பப் போட்டோ, ஆவணம், பேக்கப் எல்லாவற்றுக்கும் ஒரு இடம் தேடுபவர்களுக்கும், பெட்டியை ரூட்டர் பக்கம் தனி அறையில் வைக்க முடிந்தவர்களுக்கும் நாஸ் சரி. நாஸும் ஆபீஸ் பிசியும் சேர்த்து வைத்து, ஒன்றில் டிஸ்க், மற்றதில் ஜெல்லிஃபின் என்று பிரித்துக்கொள்பவர்களும் உண்டு. ஏற்கெனவே நாஸ் இருப்பவர்களுக்கு அதுதான் மலிவான வழி.

## எந்தப் பெட்டியாக இருந்தாலும் டிஸ்க் தனி முடிவு

சத்தமே ஆகாது, பெட்டி படுக்கையறையில்தான் என்றால் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி. படம் ஒன்று 6 ஜிபி என்று வைத்தால் 2 டிபி எஸ்எஸ்டியில் முந்நூறுக்கு மேல் அடங்கும். பலருக்கு இதுவே போதும், ஆனால் யோசிக்காமலேயே 16 டிபி டிஸ்க் தேடிப் போகிறார்கள். 4கே ப்ளூரேயை அப்படியே வைப்பவர்களுக்கு மட்டும் இது எடுபடாது, 60 ஜிபி வீதம் முப்பத்து மூன்று படத்தில் நிறைந்துவிடும்.

நடுவில் இருப்பது 2.5 அங்குல ஹார்டு டிஸ்க். சத்தம் மிகக் குறைவு, ஒன்றிரண்டு வாட்டில் ஓடும், யுஎஸ்பி மின்சாரமே போதும். 5 டிபி வரை எளிதில் கிடைக்கும். இவற்றில் பெரியவை பெரும்பாலும் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும்) வகை, எழுதும்போது மெதுவாகும் என்று பயமுறுத்துவார்கள்; நாம் ஒருமுறை எழுதிவிட்டு வருடக்கணக்கில் படிக்கத்தானே போகிறோம், படத்துக்கு எஸ்எம்ஆர் ஒரு பிரச்சினையே அல்ல. நாஸில் இரண்டைச் சேர்த்து ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று தாங்கும் அமைப்பு) போடுவதென்றால் மட்டும், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

3.5 அங்குலத்தில்தான் டிபிக்கு விலை குறைவு. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் அநேகமாக 7200 ஆர்பிஎம், தலை நகரும் கரகரப்பும் கூடுதல். அவை ஹாலுக்கு வேண்டாம். ஒரு நீள லேன் கேபிள் இழுத்து அடுத்த அறைக்கு அனுப்புவதுதான் இருப்பதிலேயே மலிவான சத்தத் தடுப்பு. உபயோகம் இல்லாதபோது டிஸ்கைத் தூங்கவைக்கலாம், படம் தொடங்கப் பத்து விநாடி காத்திருக்கச் சம்மதம் என்றால். அதற்கு ஜெல்லிஃபினின் தரவும் போஸ்டர் படங்களும் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும், லைப்ரரி ஸ்கேன் நடுராத்திரியில் ஓடாமல் நேரம் மாற்ற வேண்டும். இல்லையென்றால் நாள் முழுக்க எழுந்து எழுந்து தூங்கிக்கொண்டிருக்கும், அது டிஸ்க்குக்கும் நல்லதல்ல, காதுக்கும் நல்லதல்ல.

ரெய்டு பேக்கப் அல்ல. படம் போனால் வட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ போனால் போனதுதான். அதற்கு மட்டுமாவது தனி டிஸ்கில் ஒரு நகல், முடிந்தால் வேறு வீட்டில்.

## மென்பொருள் வழியாக வரும் செலவு

பெட்டியைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிளெக்ஸில் வன்பொருள் டிரான்ஸ்கோடிங் வேண்டுமென்றால் பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா வேண்டும். அது இல்லாமல் குவிக் சிங்க் உள்ள பெட்டியைத் தேடி வாங்கிப் பயனில்லை, வேலை முழுக்க ப்ராசஸர் கோர்கள் மேல் விழும். வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதும் 2025 ஏப்ரல் 29 முதல் பிளெக்ஸில் கட்டணத்துக்குள் போய்விட்டது. ஜெல்லிஃபினில் இரண்டும் இலவசம். ஆனால் வெளியிலிருந்து வர டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன்னை (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும், சில டிவிகளில் ஆப் கிடைக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

## அப்படியென்றால் எதை வாங்குவது

வீட்டில் ஒரே டிவி, பார்ப்பதும் அங்கேதான் என்றால் சர்வரே வேண்டாம். டிவியின் யுஎஸ்பி போர்ட்டில் ஒரு எஸ்எஸ்டியைச் செருகுங்கள். சத்தம் இல்லை, மின்சாரம் இல்லை.

இரண்டு மூன்று பேர், போனிலும் டிவியிலும் பார்க்கிறார்கள், சப்டைட்டில் எப்போதும் வேண்டும், எப்போதாவது வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும் என்ற வழக்கமான வீட்டுக்கு எட்டாம் தலைமுறை ஆபீஸ் பிசி, உள்ளே ஒரு எஸ்எஸ்டி, யுஎஸ்பியில் ஒரு 2.5 அங்குல டிஸ்க். பழைய பொருள் மேல் நம்பிக்கை வராதவர்களுக்கு அதே இடத்தில் ஓரளவு பெயர் தெரிந்த கம்பெனியின் என்100. லினக்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், நாலைந்து டிபி போட்டோவும் இருக்கிறது என்பவர்களுக்கு கிராஃபிக்ஸ் உள்ள சிப் போட்ட நாஸ். லேப்டாப் ஏற்கெனவே இருப்பவர்கள் முதல் சில மாதம் அதிலேயே ஓட்டி, டாஷ்போர்டில் டிரான்ஸ்கோடிங் எத்தனை தடவை வருகிறது என்று பார்த்துவிட்டு மேலே சொன்னதில் ஒன்றுக்குப் போகலாம். வரவே இல்லை என்றால் எதுவும் வாங்காதீர்கள்.

ஆபீஸ் பிசி எடுப்பவர்கள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இவற்றைப் பார்த்துவிடுங்கள். பயாஸுக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் போக முடிகிறதா. அதில் கரண்ட் வந்ததும் தானாக எழும் அமைப்பு இருக்கிறதா. கீபோர்டும் மானிட்டரும் இல்லாமல் பூட் ஆகிறதா. அடாப்டரைப் பற்றி எச்சரிக்கை எதுவும் வருகிறதா. தேதி நேரம் மறந்துபோகிறதா, போனால் சிஆர்2032 பேட்டரி மாற்ற வேண்டும். கடைசியாக ஒரு 4கே படத்தை வேண்டுமென்றே குறைந்த தரத்தில் ஓடவிட்டு அரை மணி நேரம் விட்டு வையுங்கள். அந்த அரை மணி நேரத்தில் ஃபேன் எந்தக் குரலில் ஓடுகிறதோ அதுதான் வரும் வருடங்களில் நீங்கள் கேட்கப் போகும் அதிகபட்ச சத்தம். அது பிடிக்கவில்லை, தூசு தட்டியும் குறையவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததை எடுங்கள்.